யாரும் கேள்விப்படாத நாட்டில் இரண்டரை வருஷம்

2025 மார்ச்சில் அமெரிக்க அதிபர் டிரம்ப் அவர்கள் நாடாளுமன்றத்தில் பேசும்போது லெசோத்தோ என்ற பெயரைச் சொல்லிவிட்டு, யாரும் கேள்விப்பட்டிராத நாடு என்றார். சபையில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமெரிக்காவுக்குப் போகும் டி-ஷர்ட்களை அந்த நாட்டில் உட்கார்ந்து இரண்டரை வருஷம் செக் பண்ணியவன் நான்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். 2016-ல் தெரிந்தவர் ஒருவர் மூலமாக அந்த வேலை வந்தது. ‘ஆப்பிரிக்கா, சம்பளம் பரவாயில்லை, தங்க இடம் கொடுப்பாங்க’ என்றார். ஆப்பிரிக்கா என்றால் வெயில்தானே என்று ஒரே ஒரு ஸ்வெட்டரோடு ஜூன் மாதம் போய் இறங்கினேன். பூமத்திய ரேகைக்குக் கீழே ஜூனும் ஜூலையும்தான் குளிர்காலம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பரீட்சையோடு மறந்துவிட்டது. முதல் நாள் காலையில் பல் தேய்க்கக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. மோட்டார் போடவில்லை போல என்று நினைத்து வெளியே போய்ப் பார்த்தேன். முற்றத்தில் இருந்த பக்கெட்டில் மேலே கண்ணாடித் தகடு மாதிரி பனிக்கட்டி மிதந்தது.

வரைபடத்தில் தென்னாப்பிரிக்காவைப் பார்த்தால் நடுவே சற்றுக் கிழக்கே ஓட்டை போட்ட மாதிரி ஒரு இடம் இருக்கும். அதுதான் லெசோத்தோ. கடல் கிடையாது, நாலு பக்கமும் ஒரே நாடு. இப்படி இன்னொரு நாட்டின் வயிற்றுக்குள் முழுசாக இருக்கும் நாடுகள் உலகத்தில் மூன்றுதான். மற்ற இரண்டும் வாடிகனும் சான் மரினோவும். பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் நாலில் ஒரு பங்குகூட வராது. ஜனத்தொகை 23 லட்சம் அளவில்.

உயரம்தான் விசேஷம். அந்த நாட்டின் மிகத் தாழ்வான இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர். அதாவது, நாட்டின் அடித்தளமே கிட்டத்தட்ட ஏற்காடு. தலைநகர் மசேரு இருப்பது சுமார் 1,600 மீட்டரில். அந்தப் பகுதியைத் ‘தாழ்நிலம்’ என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். அங்கிருந்து கிழக்கே போகப்போக மலோட்டி மலைகள். அவற்றில் உயர்ந்தது தபானா ந்ட்லென்யானா, 3,482 மீட்டர். ஆப்பிரிக்காவின் தென்கோடியில் அதற்கு மேல் மலை இல்லை. பெயருக்கு அர்த்தம் என்னவென்று கேட்டேன். ‘அழகான குட்டி மலை’ என்றார்கள். தொட்டபெட்டாவை விட 800 மீட்டருக்கு மேல் உயரமானது இந்தக் குட்டி.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. நாம் லெசோத்தோ என்று எழுதுகிறோம், அங்கே காதில் விழுவது ‘லெசூட்டு’ மாதிரி. வார்த்தைக்கு முன்னால் ஒட்டுவதை மாற்றினால் அர்த்தம் மாறும். நாடு லெசோத்தோ, ஒரு ஆள் மொசோத்தோ, பல பேர் பசோத்தோ, மொழி செசோத்தோ. எழுத்தில் ‘லுமேலா’ என்று இருக்கும், வாயில் ‘துமேலா’ என்று வரும். வணக்கம் என்று அர்த்தம். இதைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட் பார்த்த பெண் என்னை ‘ந்தாத்தே’ என்று கூப்பிட்டார். எனக்கு அப்போது 34 வயது. தாத்தாவா! ஒரு நொடி மனசு உடைந்துதான் போனது. பிறகுதான் தெரிந்தது, ந்தாத்தே என்றால் அப்பா, ஐயா. பெண்ணை ‘ம்மே’ என்பார்கள், அம்மா. பெயர் தெரியாத யாரையும் இப்படித்தான் கூப்பிட வேண்டும். கல்யாணமான பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் ‘இன்னாரின் அம்மா’ என்று ஒரு பெயரே வைத்துவிடுவார்கள், குழந்தை பிறப்பதற்கு முன்பே. எங்கள் லைனில் இருந்தவர்களில் பாதிப்பேர் ‘மா’ என்று தொடங்கும் பெயர்க்காரர்கள்தான்.

சாப்பாட்டுக்கு நான் கஷ்டப்படவில்லை. பாப்பா என்று மக்காச்சோள மாவில் கெட்டியாகக் கிண்டிய வெள்ளைக் களி, கூடவே பொடிசாக நறுக்கி வதக்கிய கீரை, அதற்கு மொரோஹோ என்று பெயர். களி தின்று வளர்ந்தவனுக்கு இதில் என்ன புதுசு. மொட்டோஹோ என்று வெள்ளைச் சோளத்தைப் புளிக்க வைத்துக் காய்ச்சும் கூழும் உண்டு. அதைக் குடித்த அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினேன்.

நாலு பக்கமும் ஒரே நாடு என்றால் என்ன என்பதை எனக்குப் புரியவைத்தது என் விசா. தென்னாப்பிரிக்கா வழியாகத்தான் வர முடியும், அதற்கு ஒருமுறை நுழையும் அனுமதி மட்டும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அது வரும் வழியிலேயே தீர்ந்துவிட்டது. மசேருவின் மேற்கு விளிம்பில் ஓடும் மொஹோகாரே ஆறுதான் எல்லை. வரைபடங்களில் காலெடன் என்று இருக்கும். ஆற்றின் மேல் பாலம், பாலம் தாண்டினால் தென்னாப்பிரிக்கா. கூட வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை காரெடுத்துக்கொண்டு அக்கரையில் லேடிபிராண்ட் வரை போய்ச் சாமான் வாங்கி வருவார்கள். நான் ஏழு மாதம் இக்கரையிலேயே இருந்தேன். ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன வாரத்தில் அந்தப் பாலத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இந்த நாட்டை விட்டு வெளியே போக இன்னொரு நாட்டைக் கேட்க வேண்டும்.

மசேருவில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். குஜராத்தி வழி வந்தவர், மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள். சிரித்தார். அக்கரையில் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியன் குடியிருக்கவே கூடாது என்று 1891-ல் போட்ட சட்டம் 1986 வரை இருந்தது. ‘நீ ஏழு மாசத்துக்கு அழுகிறாய்’ என்றார்.

அந்த ஆறு எல்லையான கதை பெரியது. லெசோத்தோவை உண்டாக்கியவர் முதலாம் மொஷ்வெஷ்வே. சிறு தலைவராக இருந்தவர். நாலாபக்கமும் சண்டையும் பஞ்சமுமாக இருந்த காலத்தில், 1824-ல், தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு தாபா போசியு என்ற மலைக்குப் போனார். மசேருவிலிருந்து 25 கிலோமீட்டருக்குள்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். மலை என்றால் கூம்பு இல்லை. மேஜை மாதிரி தட்டையான உச்சி, சுற்றிலும் செங்குத்துப் பாறை, ஏறுவதற்குச் சில பிளவுகள் மட்டும். மேலே ஆடுமாடு மேய்க்கலாம், ஊற்றுத் தண்ணீரும் உண்டு. பெயருக்கு ‘இரவின் மலை’ என்று பொருள். ராத்திரியானால் இந்த மலை வளரும் என்று எதிரிகளிடையே ஒரு பேச்சைக் கிளப்பி விட்டார்களாம். யார் யாரோ வந்து முட்டிப் பார்த்தும் மொஷ்வெஷ்வே இருந்தவரை மலை விழவில்லை.

ஆனால் எனக்குப் பிடித்தது சண்டைக் கதை இல்லை. மலைக்கு வரும் வழியில் அவருடைய தாத்தா பின்தங்கிவிட, பஞ்சத்தில் மனித மாமிசம் தின்ன ஆரம்பித்திருந்த ஒரு கூட்டம் அவரைப் பிடித்துத் தின்றுவிட்டது. பிற்பாடு அந்தக் கூட்டம் கையில் அகப்பட்டபோது, ‘என் தாத்தாவின் சமாதி இவர்கள் வயிறுதான், சமாதியை இடிக்கக் கூடாது’ என்று சொல்லி மாடு கொடுத்துக் குடியமர்த்தினாராம். 1831-ல் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய படைக்கும், பசியோடு போகிறார்களே என்று மாடுகள் ஓட்டி அனுப்பினார். மறுபடி அவர்கள் வரவில்லை.

துப்பாக்கியோடு வந்த போயர்களிடம், அதாவது தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழி வெள்ளைக்காரர்களிடம் மட்டும் இந்தச் சாமர்த்தியம் செல்லவில்லை. மலையைப் பிடிக்க முடியாவிட்டாலும் மேற்கே இருந்த நல்ல விளைநிலத்தை எல்லாம் பிடித்துக்கொண்டார்கள். மீதியாவது மிஞ்சட்டும் என்று 1868-ல் மொஷ்வெஷ்வே பிரிட்டிஷ் மகாராணியின் பாதுகாப்புக்குள் போனார். ‘என் மக்கள் மகாராணியின் கம்பளியில் பேன்கள்’ என்று சொன்னதாகச் சொல்வார்கள். அடுத்த வருஷம் ஒப்பந்தம் போட்டு ஆற்றை எல்லையாக்கினார்கள். பாலத்துப் பக்கம் நின்றால் அக்கரையில் கண்ணுக்கெட்டிய வரை சமதளம், சோளக்காடு. இக்கரையில் பாறையும் சரிவும் மண் அரித்த ஓடைகளும். கம்பெனி டிரைவர் ஒவ்வொரு முறையும் கையைக் காட்டி, ‘அதுவும் எங்களுடையதுதான், ந்தாத்தே’ என்பார். 2023-ல்கூட அந்த நிலத்தைத் திரும்பக் கேட்க வேண்டும் என்று அவர்கள் நாடாளுமன்றத்தில் தீர்மானம் வந்தது.

கம்பளி என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். துணித் தொழில்காரன் கண்ணில் முதலில் படுவது அதுதான். ஆண், பெண், ராஜா, ஆடு மேய்க்கும் பையன் எல்லாரும் கம்பளி போர்த்துகிறார்கள், அதைப் போர்த்துக்கொண்டு ஆபீசுக்கும் கல்யாணத்துக்கும் போகிறார்கள். ஆண்கள் வலது தோளில் பெரிய ஊக்கு குத்துவார்கள், பெண்கள் மார்புக்கு நேரே. நல்ல ரகத்தில் 90 சதவீதம் கம்பளி, 10 சதவீதம் பருத்தி. கையில் தூக்கினால் நம் ஜமுக்காளம் இரண்டின் கனம். சோளக்கதிர், கிரீடம் என்று ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு சேதி உண்டு. ஓரத்திலிருந்து ஓரம் வரை போகும் மெல்லிய கோடுகள் எதற்கு என்று கேட்டேன். ஆதியில் அது நெசவில் விழுந்த தப்பாம். இவர்களுக்குப் பிடித்துப்போய், கோடு இல்லாத கம்பளியை வாங்க மாட்டேன் என்றதால் மில்லுக்காரர்கள் அதையே டிசைனாக்கிவிட்டார்கள். அந்தக் கோடு செங்குத்தாக இருக்கும்படிதான் போர்த்த வேண்டும், படுக்கையாகப் போட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்று நம்பிக்கை. பதினைந்து வருஷமாகத் தப்புத் தப்பாகப் பொறுக்கி ரிஜெக்ட் போட்டவன் நான். ஒரு தப்பு இவ்வளவு கௌரவமாக வாழ்ந்து பார்த்ததில்லை.

லேபிளைத் திருப்பிப் பார்த்தால் தென்னாப்பிரிக்கா. பெண்கள் உடுத்தும் ஷ்வெஷ்வே என்ற நீலப் பூப்போட்ட காட்டனும் அப்படித்தான். மொஷ்வெஷ்வே பெயரால் வழங்கும் அந்தத் துணியை நெய்து அச்சடிப்பது அக்கரையில். கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும், ஒரிஜினலா என்று நாக்கால் தொட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு, உப்புக் கரிக்க வேண்டும். ஊருக்கே ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் தைத்து அனுப்புகிறவர்கள் தங்கள் தேசிய உடையை வெளியிலிருந்து வாங்குகிறார்கள்.

எங்கள் கம்பெனி தெட்சானே தொழிற்பேட்டையில் இருந்தது. அந்தத் தொழில் அங்கே வேர்விட்டது 2000-ல் அமெரிக்கா கொண்டுவந்த அகோவா சட்டத்தால். துணி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி, லெசோத்தோவில் தைத்தால் அமெரிக்காவில் வரி இல்லை. பஞ்சு விளையாது, துறைமுகம் கிடையாது, துணி டர்பன் துறைமுகத்தில் இறங்கி லாரியில் மலையேறி வந்தது. இருந்தும் முப்பதாயிரம் நாற்பதாயிரம் பேர் அதில் பிழைத்தார்கள், முக்கால்வாசிக்கு மேல் பெண்கள். காலையில் ஏழு மணிக்குக் கம்பெனி கேட் முன்னால் கம்பளி போர்த்திய கூட்டம் வாயிலிருந்து புகை விட்டபடி நிற்கும். உள்ளே நுழைந்ததும் கம்பளியை மடித்து நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தைப்பார்கள். அளவுச் சீட்டைப் படிப்பதில் பெண்கள் கெட்டி. அங்கே ஆண்களை விடப் பெண்களுக்குத்தான் படிப்பு அதிகம். பையன்களை எட்டு வயதிலேயே மாடு மேய்க்க மலைக்கு அனுப்பிவிடுவதால் பள்ளிக்கூடம் பாதியில் நின்றுவிடும். முன்பெல்லாம் மாடு மேய்த்த பையன் வளர்ந்து தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்துக்குப் போவான். 1990 வாக்கில் 1 லட்சத்துக்கும் மேல் ஆண்கள் அப்படிப் போயிருந்தார்கள். பிறகு சுரங்கங்கள் ஆளைக் குறைத்தன. அதனால் நான் பார்த்த குடும்பங்களில் வீட்டில் உட்கார்ந்திருந்தது ஆண், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தது பெண்.

சனிக்கிழமை ஓவர்டைம் போட்டால் பத்துப் பேராவது வர மாட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. சனிக்கிழமைதான் அங்கே அடக்கம் செய்யும் நாள். வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கும் நாடு அது. எங்கள் லைன் சூப்பர்வைசர் ம்மே என்னிடம் கணக்குச் சொன்னார்: அக்கா, தங்கை, கொழுந்தனார் என்று மூன்று வீட்டுப் பிள்ளைகள் அவர் வீட்டில். ஆறு பிள்ளைகள், ஒரு சம்பளம். அதற்கப்புறம் சனிக்கிழமை பற்றி நான் கேட்டதில்லை.

கட்சே அணைக்குப் போனது இரண்டாவது வருஷம். லெரிபே வழியாகப் போய் மஃபிகா லிசியு கணவாயில் ஏற வேண்டும், 3,090 மீட்டர். வண்டி முதல் கியரில் முனகியது, எனக்குத் தலை கனத்தது. மரமே கிடையாது. புல்லும் பாறையும், நடுவில் எங்கேயோ ரப்பர் பூட்ஸும் கம்பளியும் போட்டு, முகத்தை மூடிய குல்லாவோடு ஒரு பையன், இரண்டு நாய். கணவாய் தாண்டி இறங்கினால் மலைகளுக்கு நடுவே பச்சையாய் வளைந்து வளைந்து கிடக்கிறது நீர். அணை 185 மீட்டர் உயரம், 1996-ல் முடித்தார்கள்.

செங்கு ஆற்றின் கிளைநதித் தண்ணீர் அது. இயல்பாக விட்டால் தெற்கும் மேற்குமாகச் சுற்றி அட்லாண்டிக் கடலுக்குப் போயிருக்கும். இப்போது மலையைக் குடைந்த 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கக் குழாயில் எதிர்த்திசையில் ஓடி, வடக்கே ஜோகன்னஸ்பர்க் பகுதிக்குப் போகிறது. வழியில் முஏலா என்ற இடத்தில் 72 மெகாவாட் மின்சாரமும் எடுக்கிறார்கள். தென்னாப்பிரிக்கா அதற்கு மாதாமாதம் பணம் கட்டுகிறது. காவிரிப் பஞ்சாயத்தைப் பேப்பரில் படித்தே வளர்ந்த எனக்கு, மேலே இருப்பவன் தண்ணீரைக் கொடுத்துக் காசு வாங்குவது அதிசயமாக இருந்தது. நல்ல ஏற்பாடுதானே என்று டிரைவரிடம் சொன்னேன். வருஷத்தைப் பாருங்கள் என்றார் அவர். 1986 ஜனவரியில் நிறவெறி தென்னாப்பிரிக்கா எல்லாப் பாதையையும் அடைத்தது. தங்கள் எதிரிகளுக்கு லெசோத்தோ இடம் கொடுக்கிறது என்பது குற்றச்சாட்டு. சாமான் உள்ளே வரவில்லை. அந்த மாதமே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அக்டோபரில் தண்ணீர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பல வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த பேச்சு அது.

திரும்பும் வழியில், அணை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே, இரண்டு பெண்கள் தலையில் மஞ்சள் கேன் வைத்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வண்டியை மெதுவாக்கினார், ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு ஓடை, ஜீன்ஸ் சலவை செய்த நாளில் நீலமாக ஓடும். அதில் இறங்கி மாடு குடிக்கும். நொய்யலை அப்படிப் பார்த்தவன் நான். 2011 ஜனவரியில் கோர்ட்டு உத்தரவு போட்டுச் சாயப்பட்டறைகளை மூடியபோது எங்கள் தெருவில் பாதி வீட்டில் வேலை போயிற்று. அந்த ஓடையைப் பார்த்த அன்று நான் போட்டோ எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நானும் அந்தத் தொழிலில் சோறு தின்பவன்.

கிளம்பும்போது லைன் பெண்கள் காசு போட்டு ஒரு கம்பளி வாங்கிக் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் ம்மே என் வலது தோளில் ஊக்கைக் குத்திவிட்டு, கோடு செங்குத்தாக இருக்கிறதா என்று இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார், பீஸ் செக் பண்ணுகிற மாதிரியே. கடைசி இரண்டு மாதச் சம்பளத்தைக் கம்பெனி ஆறு மாதம் இழுத்தடித்துக் கொடுத்தது வேறு கதை. கம்பளி இப்போது பரணில் அந்துருண்டை போட்ட பெட்டியில் இருக்கிறது. திருப்பூரில் அதைப் போர்த்த ஒரு நாள்கூட வாய்க்கவில்லை.

2025 ஏப்ரலில் டிரம்ப் வரிப் பட்டியல் போட்டபோது லெசோத்தோவுக்கு 50 சதவீதம், பட்டியலிலேயே உச்சம். காரணம் ஒரு கணக்கு. அமெரிக்காவுக்கு அவர்கள் 2024-ல் 23 கோடி டாலர் அளவுக்குத் துணியும் வைரமும் விற்றார்கள், அங்கிருந்து 30 லட்சம் டாலருக்குக்கூட வாங்கவில்லை. ஒரு சம்பளத்தில் ஆறு பிள்ளை வளர்ப்பவர் அமெரிக்காவிடம் என்ன வாங்குவார்? வரியைப் பிறகு நிறுத்தி வைத்தார்கள், ஆகஸ்டில் 15 ஆக்கினார்கள். அதற்குள் ஆர்டர் போய்விட்டது. ஜூலையில் அந்த அரசாங்கம் வேலையில்லாத் திண்டாட்டத்துக்காகப் பேரிடர் நிலை அறிவித்தது, நாம் புயலுக்கு அறிவிக்கிற மாதிரி. செப்டம்பர் கடைசியில் அகோவாவின் காலமும் முடிந்தது.

ம்மே இன்னும் வாட்ஸ்அப்பில் இருக்கிறார். லைன் நின்றுவிட்டதாகவும், இப்போது டாக்சி ஸ்டாண்டில் மகுவென்யா போட்டு விற்பதாகவும் எழுதியிருந்தார். நம் போண்டா மாதிரி, மைதாவில் பொரிப்பது. ஒரு சட்டி எண்ணெயின் போட்டோவும் அனுப்பியிருந்தார். அமெரிக்கா இந்தியச் சரக்குக்கும் வரியை ஏற்றிய ஆகஸ்ட் 27-க்குப் பிறகு ஒரு நாள், இங்கே எங்கள் கம்பெனியிலும் நைட் ஷிப்டை நிறுத்தியிருந்த சமயம், அவரே கேட்டார்: ‘ந்தாத்தே, உங்கள் ஊருக்கு எவ்வளவு?’

50 என்று போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் பதிவு வந்தது. பின்னால் வண்டிச் சத்தம், எண்ணெய் பொரியும் சத்தம். ஒரே ஒரு வார்த்தைதான். ‘ஜோ!’ நம் ஐயோவுக்கு அங்கே அதுதான்.